லவ் பேர்ட்ஸைக் கைக்குப் பழக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்னும் சின்னக் கிளியினம். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக வாழும் பறவை. எடை 30 முதல் 40 கிராம்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதற்கானவை. காக்கட்டீல் கிளி, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் வளர்ப்பவர்களுக்கும் முறை பொருந்தும். கூண்டு அளவும் தீனி அளவும் மாறும்.

எந்த வயதில் வாங்கினால் சீக்கிரம் பழகும்?

6 முதல் 10 வார வயதுதான் நல்ல பருவம். அதற்குள் தானாகத் தீனி உடைத்துத் தின்னப் பழகியிருக்கும். மனிதக் கையைப் பற்றிய பயமும் இன்னும் முற்றியிருக்காது.

வயதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் சொல்வதை விட நெற்றியைப் பாருங்கள். குஞ்சுக்குத் தலையில் உள்ள கறுப்பு வரிகள் அலகை ஒட்டி வரை இறங்கியிருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெறுமையாகி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறிவிடும். கண்ணும் சொல்லும்: குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பு, வளர்ந்ததற்குக் கருமணியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். லூட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை) பறவைகளில் வரி தெரியாது, வளையத்தை மட்டும் பார்க்க வேண்டும். ரெசசிவ் பைடு என்னும் திட்டுத்திட்டாக நிறம் கலந்த வகைக்கு வயதானாலும் அந்த வளையம் வராது, அதில் ஏமாற வாய்ப்பு அதிகம்.

5 வாரத்துக்குக் குறைந்த குஞ்சை வாங்காதீர்கள். கிண்ணத்தில் அலகை வைத்துக் கொத்துவதைப் பார்த்துவிட்டு ‘சாப்பிடுகிறது’ என்று எடுத்து வந்துவிடுவார்கள். உமியை உரிக்கத் தெரியாமல் வீட்டில் இரண்டே நாளில் சுருண்டுவிடும். கொஞ்ச நேரம் நின்று, உமி உதிர்கிறதா என்று பாருங்கள்.

கடையில் ஒன்று பறக்காமல், கையை நீட்டினாலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பழகிய பறவையா?

இறகை உப்பிக்கொண்டு, கண் பாதி மூடி, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் அது நோயுற்ற பறவை. ஓடுவதற்குத் தெம்பில்லாததால் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்டதைச் ‘சாது’ என்று நம்பி வாங்குவது மிக அதிகமாக நடக்கும் தவறு. வீட்டில் உள்ள பறவைக்கும் இதே கணக்குதான்: நேற்று வரை பயந்து பறந்தது இன்று திடீரென்று கையில் சும்மா உட்கார்ந்தால் மகிழ வேண்டாம், பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள்.

ஆண் நல்லதா, பெண் நல்லதா?

இரண்டும் பழகும். பேச வைக்க ஆசை என்றால் ஆண். மூக்குத் துவாரம் இருக்கும் தோலைப் பாருங்கள்: குஞ்சில் ஒரே சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதா என்றால் ஆண், துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண். வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெண்ணுக்கு வெளுத்த நீலம் அல்லது பழுப்பு. லூட்டினோ, அல்பினோ ஆண்களுக்கு வளர்ந்தும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பெண்ணின் கடி கொஞ்சம் பலம்.

ஒன்று வாங்கலாமா, ஜோடியா?

கடையில் ஜோடியாகத்தான் தருவார்கள், கூடவே ஓட்டை போட்ட மண்பானையையும் மாட்டிக் கொடுப்பார்கள். பழக்க வேண்டுமென்றால் அந்தப் பானையை முதலில் கழற்றுங்கள். பானை இருந்தால் பெண் அதை முட்டையிடும் இடமாக எடுத்துக்கொள்ளும். பிறகு கூண்டுக்குள் வரும் எந்தக் கையும் அதற்கு எதிரிதான். பட்ஜிக்குத் தூங்கப் பானை தேவையில்லை, குச்சியில்தான் தூங்கும்.

தனிப் பறவை விரைவில் பழகும், ஏனென்றால் அதற்கு நீங்கள்தான் கூட்டம். ஆனால் காலை 9 மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இரவு 8 மணிக்குத் திரும்பும் வீட்டில் ஒற்றைப் பறவையை வைப்பது கொடுமை. சலிப்பில் தன் இறகையே பிடுங்கத் தொடங்கும். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு வையுங்கள், பழகக் கூடுதல் நாள் ஆனாலும் பரவாயில்லை. வீட்டில் எப்போதும் ஆள் உண்டு என்றால் முதலில் ஒன்றைப் பழக்கிவிட்டு, சில மாதம் கழித்துத் துணை சேர்ப்பது எங்கள் பரிந்துரை.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்? எங்கே வைப்பது?

ஒரு பறவைக்குக் குறைந்தது 45 செ.மீ. நீள, அகல, உயரம். இரண்டுக்கு 75 செ.மீ. நீளம். உயரத்தை விட நீளம் முக்கியம், இது பக்கவாட்டில் பறக்கும் பறவை. கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்குள். உங்கள் கை முழங்கை வரை தடையில்லாமல் நுழையும் அளவுக்குக் கதவு வேண்டும். சின்ன ஏற்றுக் கதவு உள்ள கூண்டில் கையை நுழைப்பதே போராட்டமாகிவிடும், பறவையும் மிரளும். பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு விரல் தடிமனில் கொய்யா அல்லது வேப்பங்கிளை வையுங்கள்.

ஆள் நடமாட்டம் உள்ள கூடத்தில், சுவரை ஒட்டி, உங்கள் மார்பு உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் மேலிருந்து வரும் எல்லாமே அதற்குப் பருந்துதான். சமையலறை கூடவே கூடாது: நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எல்லாம் அந்த அறைக்கு வேண்டாம். நேர் வெயில் விழும் பால்கனியும் வேண்டாம்.

வாங்கி வந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

கூண்டுக்குள் கையை விடுவதைத் தண்ணீருக்கும் தீனிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சாப்பிடாமல் ஒரு மூலையில் ஒட்டி நிற்கலாம். நீங்கள் அறையை விட்டுப் போனதும் சாப்பிடும். தரையில் பச்சையும் வெள்ளையுமாக உருண்ட எச்சம் விழுகிறதா பாருங்கள், விழுந்தால் சாப்பிடுகிறது என்று பொருள்.

மூன்றாம் நாளிலிருந்து கூண்டுக்குப் பக்கவாட்டில் அரை மணி நேரம் உட்காருங்கள். புத்தகம் படியுங்கள், கீரை ஆயுங்கள், மெல்லிய குரலில் பேசுங்கள். நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு கண்ணும் முன்னோக்கிப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் பார்வை. கூண்டை நெருங்கும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். நீங்கள் இருக்கும்போதே அது தீனி தின்று, இறகு கோதி, ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பத்து நாள் ஆனாலும் ஆகட்டும்.

கையில் ஏற வைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இதற்குத் தேவையானது தினைக்கதிர், அதுவும் உதிர்க்காத முழுக்கதிர். பறவைக் கடைகளில் கிடைக்கும். ஒரே நிபந்தனை: கையில் ஏறப் பழகும் வரை இந்தக் கதிர் உங்கள் கையிலிருந்து மட்டுமே அதற்குக் கிடைக்க வேண்டும். கூண்டில் நாள் முழுக்கத் தொங்கவிட்டால் பிறகு உங்கள் கைக்கு எந்த மதிப்பும் இல்லை. பழக்கம் நின்றுபோகும் வீடுகளில் பாதி இடத்தில் காரணம் இதுதான்.

ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. காலையில் புதுத் தீனி வைப்பதற்கு முன் செய்வது மிகப் பலன் தரும். இரவு முழுக்கச் சாப்பிடாததால் இயல்பான பசி இருக்கும்.

முதலில் வெறுங்கை. கூண்டுக்கு வெளியே கம்பியில் கையை வைத்து அசையாமல் இருங்கள். பறவை எதிர்மூலைக்குப் போகும். அது இருந்த இடத்திலேயே இயல்பாகிச் சிறகை உதறினாலோ தின்னத் தொடங்கினாலோ கையை எடுத்துவிடுங்கள். கவனியுங்கள்: அது பதறும்போது எடுக்கக் கூடாது, அமைதியானதும் எடுக்க வேண்டும். பதறும்போது எடுத்தால் ‘படபடத்தால் கை போய்விடும்’ என்று கற்றுக்கொள்ளும். ஆனால் கம்பியில் மோதி அடித்துக்கொள்ளும் அளவுக்குப் பதறினால் நீங்கள் ஒரு கட்டம் தாண்டி வந்துவிட்டீர்கள். ஓரடி பின்னால் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, கதவைத் திறந்து கையை வாசலுக்குச் சற்று உள்ளே வைத்திருங்கள். கையை முன்பக்கமாக, பறவையின் மார்பு மட்டத்தில் கொண்டுபோங்கள். தலைக்கு மேலிருந்து இறக்கவே கூடாது. மோதிரம், வளையல், பளிச்சென்ற நகப்பூச்சு சில பறவைகளை மிரட்டும். கையுறை போடாதீர்கள், கையுறையை அது தனி மிருகமாகத்தான் பார்க்கும், பிறகு வெறுங்கைக்கு மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.

இனி கதிர். முழு நீளக் கதிரின் அடிக்காம்பைப் பிடித்து, நுனியைப் பறவைக்கு அருகே நீட்டி அசையாமல் நில்லுங்கள். கை வலிக்கும், முழங்கையைக் கூண்டின் வாசலில் ஊன்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டி ஒரு மணியைப் பறித்துக்கொண்டு பின்வாங்கும். அன்றைக்கு அது போதும். நாளுக்கு நாள் பிடியை நுனிப்பக்கம் நகர்த்திக்கொண்டே வாருங்கள், கடைசியில் உங்கள் விரலை ஒட்டியே அது தின்னும்.

பிறகு மறுகையின் ஆள்காட்டி விரலைக் குச்சிபோல் கிடையாக, பறவைக்கும் கதிருக்கும் நடுவில் வையுங்கள். கதிரை எட்ட வேண்டுமென்றால் விரலில் கால் வைத்தாக வேண்டும். முதலில் ஒரு காலை வைத்து எடுக்கும். அந்த நொடியில் விரலை ஆட்டிவிடாதீர்கள், தூக்கவும் முயலாதீர்கள். ஆடும் கிளையை அது நம்பாது. இரண்டு காலும் ஏறி உடல் எடை முழுக்க விரலில் வந்ததும் ‘ஏறு’ என்று சொல்லுங்கள். சொல் எதுவானாலும் வீட்டில் எல்லோரும் அதே சொல்லையே சொல்ல வேண்டும்.

நாலைந்து நாள் இப்படி ஏறிய பிறகு கதிர் இல்லாமல் விரலை அதன் அடிவயிற்றில், கால்களுக்குச் சற்று மேலே, தொட்டும் தொடாமலும் வைத்து ‘ஏறு’ என்று சொன்னால் தானாக ஏறும். ஏறியதும் கதிரைக் கொடுங்கள். வயிற்றைத் தள்ளி ஏற்றுவதைச் சிலர் முதல் நாளே செய்வார்கள். ஏறத்தான் செய்யும், வேறு வழியில்லாமல். மறுநாள் விரலைக் கண்டாலே ஓடும்.

எத்தனை நாள் ஆகும்?

இளம் குஞ்சு என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம். கூட்டக் கூண்டில் வளர்ந்து வலையில் பிடிபட்டு வந்த ஒரு வயதுப் பறவைக்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதம். சில பறவைகள் கையிலிருந்து தின்னும், தோளில் உட்காரும். தலையைத் தொட மட்டும் கடைசி வரை விடாது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பட்ஜி பொதுவாகத் தடவலை விரும்பும் பறவை அல்ல.

துணியால் பிடித்துக் கையில் வைத்திருந்தால் நாளடைவில் பழகாதா?

பழகாது, அடங்கிப்போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிவதுதான் சிக்கல். பிடிபட்ட பறவை உடலை ஒல்லியாக்கி, இறகை ஒட்டவைத்து, கண் இமைக்காமல் இருக்கும். நிம்மதியான பறவை இறகைத் தளர்த்தி, அலகை ‘கிரிக் கிரிக்’ என்று மெல்ல அரைக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு: பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, மார்புக்கூடு விரிந்து சுருங்கித்தான் மூச்சு. மார்பை இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டி இறந்துவிடும். மருந்து கொடுக்கக் கட்டாயம் பிடிக்க வேண்டுமென்றால் கழுத்தை ஆள்காட்டி, நடுவிரல் இடையே வைத்து, முதுகு உள்ளங்கையில் படியும்படி, மார்பில் அழுத்தமில்லாமல் பிடியுங்கள். முடிந்தால் அந்த வேலையைப் பழக்கும் ஆள் செய்யாமல் வேறொருவர் செய்யட்டும்.

கடிக்கிறதே, என்ன செய்வது?

புதுக் குச்சியில் ஏறும் முன் அலகால் கவ்வி உறுதி பார்ப்பது அதன் வழக்கம். அது கடி அல்ல. நிஜக் கடி வந்தால் கத்தாதீர்கள், உதறாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள், அலகில் தட்டாதீர்கள். விரலை அப்படியே நிறுத்தி, பிடி தளர்ந்ததும் மெதுவாக எடுங்கள். பட்ஜி கடித்தால் வலிக்கும், பெரிய காயம் ஆகாது. அதை விட, கடிக்கு முன் அது என்ன செய்தது என்று யோசியுங்கள். பின்பக்கம் சாய்ந்திருக்கும், அலகைத் திறந்து காட்டியிருக்கும். அந்த ‘வேண்டாம்’ என்பதைப் பார்த்தவுடன் கையை நிறுத்தியிருந்தால் கடி வந்திருக்காது. மறுப்பை மதிக்கும் கையைத்தான் அது நம்பும்.

பட்டினி போட்டால் சீக்கிரம் வருமாமே?

செய்யாதீர்கள். இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு மிகக் குறைவு, ஒரு நாள் முழுக்கத் தீனி இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலைத் தீனியை அரை மணி நேரம் தள்ளிவைப்பது வேறு, பட்டினி வேறு.

தெரியாமலே பட்டினி போடுவதும் நடக்கிறது. பட்ஜி உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். வாயால் ஊதிப் பார்த்தால் அத்தனையும் வெற்று உமி. தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். ஒரு பறவைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி: தினை, சாமை, பனிவரகு கலந்தது. கூடவே கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய கேரட். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்கள். அவகாடோ, சாக்லேட், வெங்காயம் கூடாது. உங்கள் வாயிலிருந்து ஊட்டுவதும் கூடாது, நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அதற்கு ஆகாது.

சிறகை வெட்டிவிடலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பறந்து போக முடியும் என்று தெரிந்தும் கையில் நிற்கும் பறவைதான் பழகிய பறவை. சில கடைகளில் ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டித் தருவார்கள். அது மிக மோசம். சமநிலை இல்லாமல் சுழன்று விழுந்து நெஞ்செலும்புப் பகுதி அடிபடும். வெட்டிய நிலையில் வாங்கியிருந்தால் அடுத்த இறகுதிர்வில் புது இறகு முளைக்கும். அதுவரை குச்சிகளைத் தாழ்வாக வையுங்கள்.

அறையில் எப்போது பறக்க விடலாம்?

கூண்டுக்குள் விரலில் தயங்காமல் ஏறத் தொடங்கிய பிறகு. விடும் முன் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் மின்விசிறி. நம் வீடுகளில் பழகிய பறவைகள் சாவது பெரும்பாலும் சுற்றும் விசிறியில் அடிபட்டுத்தான். நிறுத்தினால் போதாது, யாரும் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதபடி ஸ்விட்சில் காகிதம் ஒட்டுங்கள். பிறகு சன்னலைச் சாத்தித் திரை போடுங்கள், கண்ணாடி இருப்பது அதற்குத் தெரியாது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். பூஜை விளக்கு, தண்ணீர் நிறைந்த வாளி, பீரோவுக்குப் பின்னாலுள்ள சந்து, பூனை. கதவைத் தாழிடுங்கள்.

கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு விலகி உட்காருங்கள், அதுவாக வெளியே வரட்டும்.

திரும்பக் கூண்டுக்குள் போக மாட்டேன் என்கிறது.

துரத்தினால் ஒரு மாத உழைப்பு ஒரு மாலையில் போய்விடும். வெளியே தீனி எதுவும் வைக்காதீர்கள். கூண்டுக்குள் மட்டும் கதிரை மாட்டுங்கள், பசித்தால் போகும். அவசரம் என்றால் திரையை மூடி விளக்கை அணையுங்கள். மிரளாத வரை இருட்டில் அது பறக்காது. மெல்ல விரலில் ஏற்றிக் கொண்டுபோகலாம். கூண்டுக்குள் போனதும் ஒவ்வொரு முறையும் கதிர் கிடைக்க வேண்டும். சில முறை உள்ளே விட்டு உடனே வெளியே எடுங்கள். உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது என்ற எண்ணம் வராது.

கூண்டில் கண்ணாடி மாட்டலாமா?

பழக்கும் காலத்தில் வேண்டாம். கண்ணாடியில் தெரிவதைத் துணையாக நினைத்து அதற்கே தீனியைக் கக்கி ஊட்டும், அங்கேயே குடியிருக்கும். மணி, சணல் கயிறு, மென்று கிழிக்கப் பனை ஓலைத் துண்டு போதும்.

பேச வைக்க முடியுமா?

ஆண் குஞ்சாகவும் தனியாகவும் இருந்தால் வாய்ப்பு உண்டு. கைக்குப் பழகிய பின் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல். காலை, மாலை 10 நிமிடம், டிவி ஓடாதபோது, முகத்துக்கு அருகில் வைத்துத் தெளிவாக. மெல்லிய, உயர்ந்த குரலை எளிதில் பிடிக்கும், அதனால் பெண்கள், குழந்தைகள் சொல்லித் தருவது பலிக்கும். முதலில் முணுமுணுப்பாக, வேகமாகச் சொல்லும். காது கொடுத்தால்தான் புரியும். கின்னஸ் பதிவில் உள்ள பக் என்ற அமெரிக்க ஆண் பட்ஜி 1994இல் இறந்தபோது 1728 சொற்கள் அறிந்திருந்தது. உங்கள் பறவை ஒரு சொல்கூடப் பேசாமலும் போகலாம். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

இரண்டாவது பறவையைச் சேர்த்தால் முதல் பறவை நம்மை மறந்துவிடுமா?

மறக்காது, நேரம் பங்கிடப்படும். புதியதை 30 நாள் வேறு அறையில், தனிக் கூண்டில் வையுங்கள். நோய் இருந்தால் அதற்குள் தெரியும். பிறகு இரு கூண்டையும் ஒரு வாரம் அருகருகே வைத்து, அதன்பின் பொது இடத்தில் வெளியே விட்டுச் சந்திக்கச் செய்யுங்கள். பழகிய பறவை உங்கள் கையில் தின்பதைப் பார்த்துப் புதியதும் வரும். இது உண்மையிலேயே வேலையைப் பாதியாக்கும். இரண்டு பெண்களை ஒரே சின்னக் கூண்டில் போடாதீர்கள், சண்டை ரத்தத்தில் முடியலாம்.

நன்றாகப் பழகியது திடீரென்று கையைக் கண்டால் விலகுகிறது. ஏன்?

இறகு உதிரும் காலமாக இருக்கலாம். தலையில் முள்முள்ளாகப் புது இறகு முளைத்திருந்தால் தொட்டாலே வலிக்கும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். பெண் ஒன்று மூலையைத் தோண்டிக்கொண்டு ஆக்ரோஷமாக இருந்தால் முட்டையிடும் பருவம். இருட்டு மூலை, பானை, பெட்டி எதுவும் இல்லாமல் பார்த்து, இரவு 12 மணி நேரம் தூங்க விடுங்கள். தீபாவளி வெடியில் மிரண்ட பறவையும் இப்படி மாறும். அந்த வாரம் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கம் துணி போர்த்தி, சின்ன விளக்கு ஒன்றை எரிய விடுங்கள். முழு இருட்டில் பதறிப் பறந்துதான் சிறகை உடைத்துக்கொள்ளும்.

குழந்தைகள் பழக்கலாமா?

8 வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. குழந்தை தரையில் உட்கார்ந்து, கதிரை மட்டும் பிடிக்கட்டும். உள்ளங்கையில் மூட விடாதீர்கள். முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். எச்சத் தூசியால் கிளிக்காய்ச்சல் என்னும் நோய் மனிதருக்கும் தொற்றலாம்; கூண்டுத் தட்டைக் காய்ந்தபடி பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

தென்னை மரப் பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு கிடைத்தது. இதே முறையில் பழக்கலாமா?

கூடாது. அது நம் நாட்டுக் காட்டுயிர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

வெளியே பறந்துவிட்டது. திரும்புமா?

முதல் சில மணி நேரம்தான் முக்கியம். எந்தத் திசையில் போனது என்று ஒருவர் பார்வையை எடுக்காமல் நிற்கட்டும். கூண்டை மொட்டைமாடியில் கதவைத் திறந்து, கதிரைத் தொங்கவிட்டு வையுங்கள். இன்னொரு பட்ஜி இருந்தால் அதைப் பூட்டிய வேறு கூண்டில் பக்கத்தில் வையுங்கள். அதன் குரல்தான் மிகப் பெரிய அழைப்பு. இல்லாவிட்டால் பட்ஜிக் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் போடுங்கள். தினமும் சொல்லும் அதே ‘ஏறு’ குரலில் கூப்பிடுங்கள். மரத்தில் உட்கார்ந்திருந்தால் கல்லெறியாதீர்கள், கிளையை ஆட்டாதீர்கள். இறங்கி வரப் பயப்படும் பறவைக்கு நேரம் வேண்டும். இருட்டினால் இருந்த இடத்திலேயே தங்கும், எனவே விடியும் முன் மறுபடி மாடிக்குப் போய்விடுங்கள். காகங்கள் கிளம்பும் முன், பசியோடு இருக்கும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் இறங்கும்.